கங்கம்மா கேட்ட மாத்திரை

செங்கம்மாவின் கட்டைவிரல் நகங்கள் இரண்டும் அன்று நல்ல வேலையில் இருந்தன. நாயைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, அதன் காதைப் புரட்டி, ரத்தம் குடித்து உப்பியிருந்த உண்ணியை ஒரு திருகு திருகிப் பிடுங்கினாள். இடது நகத்தின் மேல் வைத்தாள். வலது நகத்தால் அழுத்தினாள். டப் என்றது. சொந்த மகனின் கல்யாணத்தில்கூட அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"ஏன் பெரிம்மா நகத்துல நசுக்குற? ஒரு கொட்டாங்குச்சில கிருஸ்னாயில் ஊத்தி அதுல போடேன்" என்றேன்.

"ரேசன்ல குடுக்குற கிருஸ்னாயில் வெளக்குக்கே பத்தல. உண்ணி முழுக்குப் போட ஊத்தணுமா? போடி கிருபா, போய் புள்ளத்தாச்சிங்களுக்கு ஊசி போடு."

இன்னொரு டப். கையை முந்தானையில் துடைத்தாள். அதே கையால் கண்ணைக் கசக்கினாள். அதே கையால் எனக்கு ஒரு மாம்பழம் எடுத்து நீட்டினாள். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். தின்னவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி முடித்து, ஆந்திர எல்லையோரப் பிச்சாட்டூர் பக்கத்து ஊர்களைச் சுற்றிப் பார்க்கும் வேலையில் இருந்தேன். செங்கம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கேட்டால், "அணை கட்டும்போதே எனக்குப் பல்லு ஆடிச்சு, கணக்குப் போட்டுக்கோ" என்பாள். மகன் வெங்கடரமணன் கைக்குழந்தையாக இருக்கும்போதே புருஷன் போய்விட்டான். அழுதுகொண்டிருக்க நேரமில்லாமல் வேர்க்கடலை போட்டாள், மாடு வளர்த்தாள், ஆரணியாற்றில் அணை கட்டியபோது மண் சுமந்தாள். அங்கே ஒரு தெலுங்கு மேஸ்திரி கூலிப் பெண்களை வாய்க்கு வந்தபடி திட்டுவானாம். செங்கம்மா அவன் திட்டியதையெல்லாம் ஒன்றுவிடாமல் கற்றுக்கொண்டு, ஒருநாள் மண்கூடையை இறக்கி வைத்துவிட்டு மொத்தத்தையும் அவனுக்கே திருப்பிச் சொன்னாளாம். மறுநாளிலிருந்து மேஸ்திரி அணையின் மறுகரைக்கு வேலையை மாற்றிக்கொண்டான். வீட்டில் பேச்சு தமிழ்தான் என்பதால் அந்தத் தெலுங்குக்கு அப்புறம் வேலை இல்லாமல் போயிற்று. ஊர் அதை மறந்தேவிட்டது.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஆட்டுக்குட்டி ஒன்றைப் பழைய சேலையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினாள். கண்டக்டர் துணியை விலக்கப் போனான். "அம்மை போட்ட கொழந்த நைனா, காத்து படக்கூடாது" என்றாள். கண்டக்டர் பின்வாங்கினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்தார்கள். திருப்பதி வரை இரண்டு சீட்டில் காலை நீட்டிக்கொண்டு போனாள். குட்டி ஒருமுறை 'மே' என்றதற்கு, "பால் கேக்குது" என்றாளாம்.

மருமகள் தாட்சாயணி நகரி ஊர்க்காரி. பேச்சுக் குறைவு. மாமியாருக்கும் அவளுக்கும் காலை நேரச் சண்டை ஒன்றுதான், காபி. தாட்சாயணி கொண்டுவந்து வைப்பாள். செங்கம்மா ஒரு வாய் வைத்துப் பார்த்து, "நகரி மூஞ்சி, இது காபியா, கழனித்தண்ணியா?" என்று வாசலில் கொட்டுவாள். மகன் எதுவும் காதில் விழாதவனைப் போல மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான்.

மாம்பழம் கொடுத்த அடுத்த வாரம் செங்கம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. மகன் வயதாகிவிட்டது என்றான். பிறகு மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புப் புள்ளிகள் எழும்பி, உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் பரவின. தாட்சாயணி பார்த்தாள். வேப்பங்கொத்து ஒடித்து வாசலில் செருகினாள். அடுப்பில் தாளிப்பது நின்றது. அம்மை இறங்கிய வீட்டில் மருந்து நுழையக்கூடாது. நுழைந்தால் அம்மனுக்குக் கோபம் வந்து ஆளையே கொண்டுபோய்விடுவாள். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் சட்டம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. காய்ச்சல் ஏறி செங்கம்மா உளறத் தொடங்கினாள். தெலுங்கில் உளறினாள்.

அது திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை நடக்கும் வாரம். அந்தத் திருவிழாவில் வேஷம் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் கண்ணில் படுகிறவர்களையெல்லாம் கூசாமல் திட்டுவார்கள். திட்டு வாங்கினால் கங்கம்மாவின் அருள் கிடைத்தது என்று சந்தோஷமாகப் போவார்கள். தமிழச்சி செங்கம்மா, உடம்பெல்லாம் சிவந்து, படுத்த படுக்கையாக, தெலுங்கில் அசிங்க அசிங்கமாகத் திட்டுகிறாள் என்றால் ஊர் என்ன முடிவுக்கு வரும்? கங்கம்மா இந்த வருஷம் திருப்பதியை விட்டுவிட்டு நம் ஊருக்கே வந்துவிட்டாள் என்றது. ஜனம் தேங்காயோடு வந்து வரிசையில் நின்றது.

பக்கத்து வீட்டுத் துலுக்காணம்தான் முதலில் வாக்குக் கேட்டவன். அவனுடைய காளை காணாமல் போயிருந்தது. "தாயே, என் மாடு எங்க போச்சு?" என்று கேட்டான். செங்கம்மா கண்ணைத் திறக்காமல், "தொங்கனா கொடகா!" என்றாள். திருட்டுப்பயல் மகனே என்று மேஸ்திரி தினமும் சொன்ன வார்த்தை. துலுக்காணம் யோசித்தான். ஊரில் எந்தத் திருட்டுப்பயலுக்கு மகன் இருக்கிறான் என்று கணக்குப் போட்டு, ஒரு வீட்டுக் கொல்லைப்பக்கம் போய் எட்டிப் பார்த்தான். அங்கே மாடு இல்லை. உதைதான் கிடைத்தது. ஆனால் அவன் திரும்பி வரும்போது காளை தானாக வந்து கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. அவ்வளவுதான், மறுநாள் வரிசை தெருமுனையைத் தாண்டியது.

நான் அன்றைக்குத்தான் அந்தப் பக்கம் போனேன். வாசலில் வேப்பிலை. அதைத் தாண்டி என்னை விடவில்லை. வாசற்படியில் நின்றே பார்த்தேன். பெரியம்மை பார்த்த கண் எனக்கு. அது முகத்தில்தான் முதலில் அடைத்துக்கொண்டு வரும், எழும்பி நீர் கோக்கும். இவளுக்கு முகம் சுத்தமாக இருந்தது. புள்ளிகள் தட்டையாக, நீர் இல்லாமல், கைகால் ஓரங்களில் நெருக்கமாக இருந்தன. என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் எனக்கு வெட்கம் கிடையாது. அடுத்த பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் இன்பசேகரன் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "வீட்டுல நாய் இருக்கா?" என்றார்.

"நாய் இருக்கு, உண்ணி இருக்கு, அதை நகத்துல நசுக்குற பொம்பளையும் இருக்கு."

"அப்ப இது உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிச்சும் வரும், நசுக்குன கையால கண்ணைத் தேய்ச்சாலும் வரும். சின்ன வயசுக்காரங்க தாங்குவாங்க. எழுபது வயசுல மூளை, கிட்னின்னு போயிடும். உளறினா வயசாச்சுன்னு விட்டுடுவாங்க, அதுதான் ஆளைக் கொல்லுது. இன்னைக்கே மருந்து போனா பிழைப்பாங்க. ஜீப்பை எடுத்துட்டு வந்து தூக்கிட்டு வந்துடட்டுமா?"

"கங்கம்மாவ ஜீப்புல தூக்குனா ஊரே கல்லை எடுக்கும் சார். மருந்தைக் குடுங்க. உள்ள போக வைக்கிறது என் பாடு."

டெட்ராசைக்ளின் கேப்சூல் கொடுத்தார். ஒரு நாளைக்கு நாலு வேளை, ஒரு வாரம், இடையில் நிறுத்தக்கூடாது, தண்ணீரோடு மட்டும். பாலோ மோரோ சேர்ந்தால் மருந்து உடம்பில் ஒட்டாது என்றார்.

சாயங்காலத்துக்கு முன்னால் திரும்பிவிட்டேன். தாட்சாயணி வாசலை மறித்தாள். அவள் முட்டாள் இல்லை. தெளிவாகப் பேசினாள்.

"நர்சம்மா, அத்தை தானா செத்தா கங்கம்மா கூட்டிக்கினான்னு சொல்லுவாங்கோ. நீ குடுத்த மாத்திரை துன்னு செத்தா மருமவ சாவடிச்சிட்டான்னு சொல்லுவாங்கோ. அப்புறம் இந்த ஊர்ல நான் எப்படி இருக்கறது?"

"துன்னலைன்னா நிச்சயமா செத்துடுவாங்க தாட்சாயணி."

"அது தெரியுது. ஆனா உத்தரவு குடுக்க நான் யாரு?"

நியாயமான கேள்வி. மகன் உத்தரவு கொடுக்க மாட்டான். மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊர்ப் பூசாரி கொடுக்க மாட்டார். அந்த வீட்டில் அப்போது உத்தரவு கொடுக்கக்கூடியது ஒரே ஆள்தான், பாயில் படுத்துத் திட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப கங்கம்மாவையே கேளுங்க" என்றேன்.

கூட்டத்துக்கு அது பிடித்துப் போயிற்று. வெங்கடரமணன் கேப்சூல் பொட்டலத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "தாயே, இந்த மந்து துன்றியா?" என்று மருந்துக்குத் தெலுங்கு வார்த்தை போட்டுக் கேட்டான். செங்கம்மா கை வீசி, "ஏட்லோ பாரேய்!" என்று கத்தினாள். ஆற்றில் எறி என்று அர்த்தம். அணையில் மேஸ்திரி கத்தியதைத்தான் சொன்னாளோ என்னவோ. அதுவரை அம்மா சொன்ன எதையும் உடனே செய்திராத மகன், அன்று பொட்டலத்தோடு ஆரணியாற்றை நோக்கி நடையைக் கட்டினான். பின்னாலேயே ஓடிப்போய் அவன் கையிலிருந்து பிடுங்கினேன்.

சட்டத்தில் ஓட்டை எங்கே என்று யோசித்தேன். மருந்துதான் கூடாது. வேப்பிலைத் தண்ணீர் கூடும், இளநீர் கூடும். "வேப்பிலைத் தண்ணியால உடம்பைத் துடைக்கிறேன், அது அம்மனுக்குக் குளிர்ச்சிதானே?" என்றேன். யாரும் மறுக்கவில்லை. குளித்துவிட்டு வந்து உள்ளே உட்கார்ந்தேன். கக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்தால் நூற்றிநாலு. துணியை நனைத்துத் துடைத்தேன், துடைத்தேன், கை ஓயும் வரை துடைத்தேன். வாயில் இளநீர் சொட்டுச் சொட்டாக விட்டேன். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. செங்கம்மா கண்ணைத் திறந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள்.

"ஏண்டி கிருபா," என்று முனகினாள், "இம்மாம் பேரு நிக்கிறாங்கோ. நான் செத்துட்டனா?"

காதருகில் குனிந்தேன். "இன்னும் இல்ல. கங்கம்மா ஆயிட்ட."

"நானா?"

"நீதான். தெலுங்குல திட்டுன. துலுக்காணம் மாடு கெடச்சிடுச்சு."

அந்த நிலையிலும் அவள் வயிறு குலுங்கியது. "சிரிக்காத பெரிம்மா, கேளு. இது அம்மை இல்ல, உண்ணிக் காய்ச்சல். மருந்து என்கிட்ட இருக்கு. துன்னலைன்னா ரெண்டு நாள்ல போய்ச் சேந்துடுவ. நீ வாயத் தொறந்து கேட்டாதான் குடுப்பாங்க. மறுபடி காய்ச்சல் ஏறுறதுக்குள்ள கேளு."

செங்கம்மா கண்ணை மூடினாள். மயங்கிவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு நெஞ்சு ஏறி இறங்கியது. ஆட்டுக்குட்டியைக் குழந்தை என்று சொன்ன அதே வாய் திறந்தது.

"ஒரேய் ரமணா! மந்து தேரா!"

கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. "மருந்து கொண்டா என்கிறாள்" என்று துலுக்காணம் தமிழுக்கு மாற்றிச் சொன்னான், யாரும் கேட்காமலே. தாட்சாயணி தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். முதல் கேப்சூல் இறங்கியது. 

செங்கம்மா அதோடு நிறுத்தவில்லை. "காபி!" என்றாள்.

"தாயே," என்றேன் நான் கையைக் கூப்பி, "பால் சேர்ந்தா மந்து வேலை செய்யாது. கொஞ்ச நேரம் பொறுக்கணும்."

"நீ மொகம் மண்ட!" என்றாள் கங்கம்மா. என் முகம் எரிந்து போகட்டுமாம். கூட்டத்திலிருந்த பெண்கள், "நர்சம்மாவுக்கும் அருள் கெடச்சிடுச்சு" என்று சந்தோஷப்பட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் போதகர் ஐயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "கிருபாவதி, நீங்க அங்க கங்கம்மாவைக் கும்பிட்டீங்களாமே?" நான் சொன்னேன், "நோயாளிகிட்ட மருந்து துன்றீங்களான்னு கேட்டேன் ஐயர். கை என் கைதான், எப்படி வெச்சுக்கிட்டா என்ன?" அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. புள்ளிகள் மங்கின. இங்கேதான் புதுச் சிக்கல். அம்மன் மலையேறிவிட்டாள் என்று தெரிந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள், மருந்தையும் நிறுத்திவிடுவார்கள். பாதி மருந்தில் நிறுத்தினால் அந்த வயதில் காய்ச்சல் மறுபடி வந்தால் தாங்காது. ஆகவே கேப்சூல் தீரும் வரை கங்கம்மா இருந்தே ஆக வேண்டும் என்று செங்கம்மாவிடம் சொன்னேன்.

"எனக்கு இன்னா கஷ்டம்?" என்றாள். "இருந்துட்டுப் போறேன்."

இருந்தாள். நன்றாகவே இருந்தாள். இருக்கிறதுதான் இருக்கிறாள் என்று நானும் ஒரு வேலை கொடுத்தேன். நாய், மாடு வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாம் உண்ணியை இடுக்கியால் பிடுங்கித் தீயில் போட வேண்டும், நகத்தால் நசுக்குகிறவன் வீட்டுப் படியைத் தான் மிதிக்க மாட்டேன் என்று கங்கம்மா உத்தரவு போட்டாள். மூன்று வருஷமாக நான் தொண்டை வறளச் சொன்னதை ஊர் ஒரே பகலில் செய்து முடித்தது. துலுக்காணம் தன் காளையோடு, கேட்காமலே அடுத்த வீட்டு எருமையையும் சுத்தம் செய்தான். செங்கம்மாவின் நாய் உடம்பில் ஒரு உண்ணி இல்லாமல் குளிர் எடுத்தது போலத் திரிந்தது.

ஆனால் செங்கம்மாவுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஒரு மத்தியானம், "கருவாட்டுக் கொழம்பு தேவே!" என்று கேட்டுவிட்டாள். அம்மை வீட்டில் கருவாடா? பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாட்சாயணி மட்டும் யாரையும் பார்க்கவில்லை. தலைமாட்டு வேப்பிலையைச் சரிசெய்வது போலக் குனிந்து, மாமியாரின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். ஜில்லென்றிருந்தது. நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். நான் கூரை ஓடுகளை எண்ணத் தொடங்கினேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

கடைசிக் கேப்சூல் விழுங்க வேண்டிய சாயங்காலம் கூட்டம் நிரம்பியிருந்தது. தாட்சாயணி ஒரு கையில் தண்ணீர்த் தம்ளரோடும், மூடிய மறு கையில் கேப்சூலோடும் வந்து பாயருகில் உட்கார்ந்தாள். கையை நீட்டவில்லை.

"தாயே, ஊரே உன்கிட்ட வாக்குக் கேட்டுது. நான் ஒண்ணும் கேக்கல. எனக்கும் வாக்குக் குடு, அப்புறம் மந்து துன்னு."

செங்கம்மாவின் ஒரு கண் லேசாகத் திறந்தது.

"என் அத்தை இனிமே என்னை நகரி மூஞ்சின்னு கூப்புடக்கூடாது. நான் போட்ட காபிய வாசல்ல கொட்டக்கூடாது. நகரில எங்க நைனா கண்ணு தெரியாம தனியா கெடக்குது. வருசத்துல ஒரு மாசம் நான் அதோட போய் இருக்கணும். பத்து வருசமா கேக்கறேன், அத்தை விடல. நீ சொல்லு தாயே, அது கேக்கும்."

செங்கம்மா என்னைப் பார்த்தாள். கேப்சூல் கொடுக்காமல் விடக்கூடியவள் தாட்சாயணி இல்லை என்று எனக்குத் தெரியும். செங்கம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், இத்தனை பேர் முன்னால் கங்கம்மா ஒரு மருமகளுக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? நான் மறுபடியும் ஓடுகளை எண்ணினேன்.

"சொல்லு தாயே!" என்றது கூட்டம். துலுக்காணம் கற்பூரமே ஏற்றிவிட்டான்.

"சரே" என்றாள் கங்கம்மா. அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு சன்னமாக ஒலித்து யாரும் கேட்டதில்லை.

"எனக்குச் செரியா கேக்கல தாயே."

"சரே! சரே! மந்து தேவே!"

தாட்சாயணி கையைத் திறந்தாள்.

மறுநாள் காலை தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்று நான் நின்று பார்த்துக்கொண்டேன். வாசல் வேப்பங்கொத்தை எடுத்துக் கால்வாயில் விட்டார்கள். தாட்சாயணி கடுகு தாளித்துக் குழம்பு வைத்து மூடினாள். பிறகு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வெங்கடரமணன் பெட்டியை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தான். செங்கம்மா வாசற்படியில் ஈரத்தலையோடு உட்கார்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடினாள். கடைசியில், "உங்க நைனாவுக்குக் கடலை எடுத்துக்கினு போ. ரெண்டு படி. நல்லதா பாத்து எடு" என்று மட்டும் சொன்னாள்.

பஸ் போன பிறகு என் பக்கம் திரும்பினாள். "எனக்கு அடுப்பாண்ட நிக்கத் தெம்பில்ல. நீ ஒரு காபி போடு கிருபா."

போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துப் பார்த்தாள்.

"இது காபியா, ஆஸ்பத்திரி மருந்தா?"

"பெரிம்மா, நேத்துதான் வாக்குக் குடுத்த."

"மருமவ காபியத்தான் கொட்டக்கூடாதுன்னு சொன்னேன். நர்சு காபியப் பத்தி கங்கம்மா ஒண்ணும் சொல்லலயே" என்று தம்ளரை வாசலில் கவிழ்த்தாள்.